தொரைக்கு இரண்டு வேளை ஊசி: பூனையின் சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு இன்சுலின் குப்பிகள் இருக்கின்றன. மேல்தட்டில் இருப்பது அம்மாவுடையது. நடுத்தட்டில் பழைய மார்ஜரின் டப்பாவுக்குள் இருப்பது தொரையுடையது.

தொரை எங்கள் பூனை. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்த அம்மாதான் அந்தப் பெயரை வைத்தார். குட்டியாக வந்த முதல் கிழமையே வாசற்படியில் ஏறி உட்கார்ந்து, வருவோர் போவோரை மேலும் கீழுமாகப் பார்த்தது. "பெரட்டுக் களத்துல நிக்கிற தொரை மாதிரியே பாக்குது" என்றார். (பெரட்டுக் களம் என்பது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்; தொரை, தோட்டத்து மனேஜர்.) அதோடு அது தொரை ஆகிவிட்டது. காயடித்த கடுவன், மஞ்சள் நிறம், நல்ல நாளில் ஆறரைக் கிலோ.

ஒன்பது வயதில் அதற்குத் தாகம் பிடித்தது. மலைநாட்டுக் குளிரில் ஒரு பூனை தண்ணீர் குடிப்பதையே நாம் அதிகம் பார்ப்பதில்லை. இது பீலித் தண்ணீர் பிடித்துவைத்த வாளியில் தலையை விட்டு நக்கிக்கொண்டே நின்றது. சாப்பாடும் குறையவில்லை, கூடியது. ஆனால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. அது மூத்திரம் போக மூலையில் வைத்திருந்த மண் தட்டைச் சுற்றி ஒரு நாள் காலையில் எறும்பு வரிசை கட்டி நின்றது. அதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். "எனக்கும் இப்புடித்தாம்ப்பா ஆரம்பிச்சிச்சு. டவுனுக்குக் கொண்டுபோய் ரத்தத்தப் பாரு."

பூனைக்குமா சீனி வருத்தம் என்று நானும் சிரித்தேன். வரும். அதிகத் தாகம், அதிக மூத்திரம், அதிகப் பசி, இருந்தும் மெலிவு: இந்த நான்கும் சேர்ந்தால் மனிதருக்குப் போலவே பூனைக்கும் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாள்பட்டால் ஐந்தாவதாக ஒன்று வரும். பின்னங்கால் நரம்புகள் பலவீனப்பட்டு, விரலில் நடக்க வேண்டிய பூனை குதிகால் முழுவதும் தரையில் படும்படி நடக்கும். தாவி ஏறிய இடத்துக்கு ஏறாது. "வயசாயிருச்சு" என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை மடுவத்தை, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையை, வைத்துச் சொல்லலாம். கொழுந்து எடுத்தாயிற்று, நிறுத்தாயிற்று, மடுவத்தில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது. ஏற்றிப்போக லொறி வரவில்லை. அந்தப் பக்கம் ஃபெக்டரியில் மெஷின் சும்மா நிற்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் சீனிதான் கொழுந்து, உடம்பின் கலங்கள்தான் ஃபெக்டரி, இன்சுலின்தான் லொறி. கணையம் என்ற சுரப்பி அந்த லொறியை அனுப்புகிறது. லொறி போதாவிட்டால் இரத்தத்தில் சீனி வழிந்து கிடக்கும், ஆனால் கலம் பட்டினி கிடக்கும். அதனால்தான் தின்னத் தின்ன மெலிகிறது.

குவிந்த சீனி ஓரளவைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் பிடித்துவைக்க முடியாது. பூனைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 250 முதல் 300. (இரத்தச் சீனியை நம் கிளினிக் துண்டில் எழுதும் அதே கணக்கு: ஒரு டெசிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது.) எல்லை தாண்டிய சீனி மூத்திரத்தோடு போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதுதான் தாகம். அதுதான் எறும்பும்.

பெரும்பாலான பூனைகளுக்கு வருவது அம்மாவுக்கு வந்த அதே வகை. கணையம் முற்றாகச் செத்துவிடவில்லை; ஆனால் கொழுப்பு கூடிய உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் களைக்கிறது, அதற்குள் ஒரு வகைப் புரதம் படிந்து கலங்களைக் கெடுக்கிறது. கொழுத்த, காயடித்த, நடுவயது தாண்டிய, வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் கடுவன்களுக்கு ஆபத்து கூடுதல். தொரை எல்லாப் பாடத்திலும் பாஸ். தோல் அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்துகளும் இதைக் கிளப்பிவிடலாம், ஆகவே முன்பு போட்ட ஊசி, கொடுத்த குளிசை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் பூனைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பயந்த பூனைக்குச் சீனி ஏறும். கோழிக்கூடைக்குள் அடைத்து, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கும் பஸ்ஸில் கொண்டுபோய், நாய் குரைக்கும் இடத்தில் மேசைமேல் வைத்து ஊசி குத்தினால், வருத்தமே இல்லாத பூனைக்கும் 300க்கு மேல் காட்டக்கூடும். அதனால் ஒரே ஒரு வாசிப்பை வைத்து முடிவு கட்டக்கூடாது. மூத்திரத்திலும் சீனி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபுருக்டோசமைன் என்ற இன்னொரு சோதனை உண்டு. அது கடந்த ஓரிரு கிழமைகளின் சராசரியைக் காட்டும், அன்றைய பயத்தைக் கணக்கில் எடுக்காது. நம்மூர் அரச மிருக வைத்திய அலுவலகங்களில் மாடும் ஆடும்தான் பெரும்பாலும் வரும். பூனைக்கு இப்படி ஆழமாகப் பார்க்கவேண்டி வந்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

அம்மாவின் மருந்தைத் தொடாதீர்கள்

நான் முதலில் கேட்ட கேள்வி, பலரும் கேட்கும் கேள்வி: வீட்டில்தான் இன்சுலின் இருக்கிறதே, அதிலிருந்து கொஞ்சம் போட்டால் என்ன?

போடக்கூடாது. கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுப்பது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த மருந்து. பூனையின் உடம்பு இன்சுலினை மனிதரைவிட வேகமாகச் செலவழிக்கும். அந்தக் கலவை சீனியை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டு, அடுத்த ஊசி வருவதற்கு வெகுநேரம் முன்பே ஓய்ந்துவிடும். பூனைக்கு வேண்டியது மெல்ல மெல்ல, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. கிளார்ஜின் என்பது மனிதருக்காகவே செய்யப்பட்டது, ஆனால் பூனைக்கு நன்றாகப் பொருந்துகிறது. மிருகங்களுக்கென்றே வரும் பன்றி இன்சுலினும் உண்டு. எது என்பதை வைத்தியர் சொல்லட்டும். (ஒரு வேடிக்கை: பூனையின் சொந்த இன்சுலின், மனித இன்சுலினைவிட மாட்டு இன்சுலினுக்குத்தான் நெருக்கம். மாட்டுடையதற்கும் அதற்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். 'மாட்டு டாக்டரிடமா பூனையைக் கொண்டுபோறீங்க' என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.)

அளவு நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. பல பூனைகளுக்கு ஆரம்பம் ஒரு வேளைக்கு 1 யூனிட், நாளைக்கு இரண்டு வேளை. அம்மா போடுவது அதைவிடப் பத்து மடங்குக்கு மேல். 1 யூனிட் என்பது ஊசிக்குழாயில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் ஒரு துளி. ஆகவே அரை யூனிட் கோடு போட்ட, 0.3 மில்லிலீட்டர் சிறிய ஊசிக்குழாயைத் தேடி வாங்குங்கள்.

இனிச் சொல்வதை இரண்டு தரம் வாசியுங்கள். இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் வருகிறது. யூ-100 என்றால் ஒரு மில்லிலீட்டரில் 100 யூனிட். மனித இன்சுலின்கள் பொதுவாக இது. யூ-40 என்றால் ஒரு மில்லிலீட்டரில் 40. மிருக இன்சுலின்கள் பல இப்படி. ஊசிக்குழாயும் அதற்கேற்ப இரண்டு வகை. யூ-100 மருந்தை யூ-40 குழாயில் '1' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஐந்து கிலோப் பூனையை மயக்கத்தில் தள்ள அது போதும். மறுபக்கமாக, யூ-40 மருந்தை யூ-100 குழாயில் எடுத்தால் அரை யூனிட்கூடப் போகாது. மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து நாம் அளவைக் கூட்டத் தொடங்குவோம். டவுனில் ஒரு பார்மசியில் 'எல்லாம் ஒண்ணுதான் சேர்' என்று என் கையில் தவறான குழாயைத் திணித்தார்கள். குப்பியில் உள்ள எண்ணும் குழாயில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு தரமும் நீங்களே பாருங்கள்.

குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் கரண்ட் போனால் பதறுவார்கள். நமக்கு அந்தக் கவலை குறைவு. நம்முடைய ஆபத்து உறைவது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குக் கீழே வைத்தது ஒரு நாள் காலையில் கல்லாகிவிடும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பிரயோசனமில்லை. வீசுங்கள். எங்கள் மார்ஜரின் டப்பா அதற்குத்தான். கிளார்ஜின் தெளிந்த நீர்போல இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் அதுவும் குப்பைக்கு.

ஊசி போடுவது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் இதுதான் மிகச் சுலபம். காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக்கொண்டோம், பன்னிரண்டு மணித்தியால இடைவெளிக்காக. அம்மாவின் ஊசியும் அதே நேரம் என்பதால் மறப்பதில்லை. அரை மணி முந்திப் பிந்தினால் உலகம் கவிழ்ந்துவிடாது.

முதலில் சாப்பாடு. தட்டை வைத்துவிட்டு நான் தொரைக்குப் பக்கத்தில் தரையில் குந்துவேன். அது பாதி தின்னும்வரை ஊசியை வெளியே எடுப்பதில்லை, தின்னுமா என்று தெரிந்த பிறகுதான் மருந்து. விலாப் பக்கத்தில் தோலை மூன்று விரலால் தூக்கினால் ஒரு சிறு கூடாரம்போல எழும்பும். பிடரியில் போடுவது சுலபம்தான், ஆனால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு. விலாவும் வயிற்றின் பக்கமும் நல்லது. இன்றைக்கு இடம், நாளைக்கு வலம். கூடாரத்தின் அடிவாரத்தில் ஊசி நுழையும்போது மெல்லிய ஒரு 'டப்', ஈர வெற்றிலையைக் கிள்ளினதுபோல, விரலுக்குத் தெரியும். அழுத்து, எடு, தடவு. தொரை தட்டிலிருந்து தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஊசி அவ்வளவு மெல்லியது.

தடவும்போது மயிர் ஈரமாகப் பட்டால், ஆஸ்பத்திரி வாசமும் அடித்தால், ஊசி தோலின் மறுபக்கத்தால் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மருந்து எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு மயிரில் போனது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மறுபடி போடக்கூடாது. அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும்.

இதை மனது ஒப்புக்கொள்ள எனக்கு நாள் எடுத்தது. அம்மாவின் வருத்தத்தோடு இருபது வருடமாக வாழ்ந்த வீட்டில் 'சீனி கூடிரும், கூடிரும்' என்பதுதான் பயம். பூனையோடு அந்தப் பயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். ஒரு வேளை ஊசி தவறினால் அன்றைக்குச் சீனி கொஞ்சம் கூடும், கூடத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். ஒரு வேளை ஊசி இரட்டித்தால் விடிவதற்குள் பூனை போய்விடலாம்.

இரட்டித்த இரவு

அந்த இரவு எங்களுக்கே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் ஆறு மணிக்கு ஊசி போட்டுவிட்டு டியூஷன் வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். ஆறரைக்கு வேலையால் வந்த தங்கச்சி, அண்ணன் அவசரத்தில் மறந்திருப்பார் என்று நினைத்துத் தானும் ஒரு தரம் போட்டுவிட்டாள். இரவு எட்டு மணிக்குத்தான் இருவர் கணக்கும் மோதியது.

சீனி 60க்குக் கீழே போனால் மூளைக்கு எரிபொருள் இல்லை. முதலில் அடங்காத பசி, அல்லது அதற்கு நேர்மாறாக ஒரு சோம்பல். பிறகு கள் குடித்தவன்போலத் தள்ளாட்டம், நடுக்கம், ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது. கடைசியில் வலிப்பு, மயக்கம். சில பூனைகள் முதல் அறிகுறி எதையும் காட்டாமலே விழுந்துவிடும்.

வைத்தியருக்குப் போன் செய்தோம். சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருங்கள், மணிக்கு ஒரு தரம் காதில் இரத்தம் பாருங்கள், 60க்குக் கீழே வந்தால் தேன் தடவுங்கள் என்றார். பதினொன்றுக்கு 71. பன்னிரண்டரைக்கு 54. தொரை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. தங்கச்சி அழுதுகொண்டே விரலில் தேனை எடுத்து அதன் முரசில் (பல் ஈறில்) தடவினாள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாக்கைச் சுழற்றியது; பிறகு எழுந்து தட்டுக்கு வந்தது. தேனின் வேகம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் உடனே சாப்பாடும் கொடுக்க வேண்டும். விடியும் வரை நாங்கள் யாரும் படுக்கவில்லை.

ஆகவே தேன், அல்லது பார்மசியில் கிடைக்கும் குளுக்கோஸ் மா, இரண்டில் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கித்துள் பாணிதான் வீட்டில் இருக்கிறது என்றால், ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் அதில் பெரும்பகுதி தேத்தண்ணிக்குப் போடும் சீனி வகை, குடலில் பிரிந்த பிறகுதான் வேலை செய்யும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போகும். வலிப்பு வரும் நேரம் விரலை உள்ளே விடாதீர்கள். முரசில் கொஞ்சம் தடவிவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள்.

அடுத்த நாளே நகைக்கடைக் கலண்டர் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினோம். ஒவ்வொரு திகதிக் கட்டத்திலும் இரண்டு கோடு. ஊசி போட்டவர் அந்த இடத்திலேயே, குழாயைக் கீழே வைக்குமுன், கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லை, ஆனால் போட்டோமா என்று சந்தேகம் என்றால் போட்டதாகவே வைத்துக்கொள்வோம். தின்ன மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ வழக்கமான அளவைப் போடுவதில்லை. வைத்தியரைக் கேட்ட பிறகுதான்.

வீட்டில் சீனி பார்ப்பது

பஸ் பயத்தால் ஏறும் சீனியைத் தவிர்க்க ஒரே வழி வீட்டிலேயே பார்ப்பது. காதின் ஓரத்தில் ஒரு மெல்லிய இரத்தக் குழாய் ஓடும். அதற்குப் பக்கத்தில் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும், அது போதும். ஆனால் நம்மூர் மார்கழி, தை மாதக் காலைகளில் பூனையின் காது ஐஸ்போல இருக்கும். குத்தினாலும் ஒன்றும் வராது. ஒரு சின்னச் சொக்ஸில் அரிசியைப் போட்டுத் தாச்சியில் சூடாக்கி, உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதமான சூட்டில் ஒரு நிமிடம் காதில் பிடியுங்கள். பிறகு வரும்.

அம்மாவின் மீட்டரையே பாவிக்கலாமா? பாவிக்கலாம், ஒன்றைத் தெரிந்துகொண்டு. மனித இரத்தத்தில் சீனியில் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும். பூனையில் கிட்டத்தட்ட எல்லாமே வெளியே, நீர்ப்பகுதியில். மனிதக் கணக்குக்குச் செய்த மீட்டர் அதனால் பூனைக்கு உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். மிருகங்களுக்கென்று செய்த மீட்டர்கள் உண்டு, விலை கூட. எந்த மீட்டர் என்றாலும் அதையே தொடர்ந்து பாவித்து, எந்த மீட்டர் என்பதை வைத்தியரிடமும் சொல்லுங்கள். அவ்வப்போது ஒரு நாள் முழுக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதச் சொல்வார்கள். அதில் அவர்கள் முதலில் தேடுவது அன்றைய மிகக் குறைந்த எண்ணை. அது 80க்கும் 150க்கும் இடையில் நின்றால் திருப்தி.

இன்றைக்கு 340 காட்டியது என்று இன்றைக்கே அளவைக் கூட்டாதீர்கள். நான் கூட்ட நினைத்தேன். கணக்கு வாத்தியாருக்கு எண் என்றால் கை அரிக்கும். ஒரு புதிய அளவு உடம்பில் படிய ஒரு கிழமையாவது வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் அரை அல்லது ஒரு யூனிட்டாக, வைத்தியர் சொல்லி. எண்ணைவிடப் பூனை நம்பகமான சாட்சி: வாளித் தண்ணீர் எவ்வளவு குறைகிறது, மண் தட்டு எவ்வளவு நனைகிறது, எடை என்ன. எடைக்கு அம்மாவின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தொரையைத் துணிப் பைக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கொக்கித் தராசில் தொங்கவிடுவார், கொழுந்து நிறுத்த அதே கண்ணோடு. ஞாயிற்றுக்கிழமைதோறும். "நாலு எட்நூறு. பைக்கு நூறு கழி" என்பார். பைக்காகக் கழிக்கும் பழக்கம் விடவில்லை.

தட்டில் என்ன

பூனை மாமிசம் தின்னப் பிறந்த சீவன். நம் வீட்டுப் பூனைகள் தின்பதோ சோறும் கருவாட்டுக் குழம்பும், தேத்தண்ணியில் நனைத்த பாணும், பால்மா கரைத்த தண்ணியும். தொரைக்கும் அதுதான். சோறும் பாணும் சீனியாக மாறும். சீனி வருத்தக்காரப் பூனைக்கு மாச்சத்து குறைந்த, புரதம் கூடிய, ஈரமான சாப்பாடு வேண்டும். கடையில் விற்கும் பூனை உணவிலும் மொறுமொறுப்பான உலர் வகைகளில் பொதுவாக மாச்சத்து கூட. டின்னில், பாக்கெட்டில் வரும் ஈர வகை மேல். எல்லா வேளைக்கும் அதை வாங்க நம் சம்பளம் இடம் கொடுக்காது. நாங்கள் ஒரு வேளை அதுவும், மறு வேளை உப்பும் வெங்காயமும் சேராமல் அவித்த கோழியும் ஈரலில் கொஞ்சமும் என்று சமாளிக்கிறோம். வெறும் இறைச்சியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் கல்சியம் முதலானவை குறைந்துவிடும், அதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் தின்னும் டின் மீனில் உப்பு அதிகம். ஆசைக்கு ஒரு துண்டு, அன்றாடத்துக்கு வேண்டாம்.

ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குச் சோற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சோறு போனால் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவே போனால் அந்த வெள்ளிக்கிழமை இரவு உங்கள் வீட்டுக்கும் வரும். சாப்பாட்டை மாற்றும் கிழமையில் சீனியை அடிக்கடி பாருங்கள், வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொழுத்த பூனையைப் பட்டினி போட்டு மெலியவைப்பதும் கூடாது. சில நாள் சாப்பிடாவிட்டாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆரம்பத்திலேயே சரியாகப் பழகிய பூனைகள் சில, மாதங்கள் போனபின் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுகின்றன. மனிதருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், அம்மாவும் நம்பவில்லை. அப்படி வரும்போது பழைய அளவு திடீரென்று அதிகமாகிவிடும் என்பதால்தான், எல்லாம் நன்றாகப் போகும் காலத்திலும் காதில் குத்திப் பார்ப்பதை விடக்கூடாது. தொரை 1 யூனிட்டில் தொடங்கி 2 வரை ஏறி, இப்போது ஒன்றில் நிற்கிறது.

குளிசை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் பூனைகளுக்கென்று வாய்வழி மருந்துகள் 2022இலும் 2023இலும் அனுமதி பெற்றன. அவை எல்லாப் பூனைக்கும் பொருந்தாது, முன்பே இன்சுலின் போட்ட பூனைக்கு ஆகாது. அம்மாவின் குளிசைகளை உடைத்துக் கொடுக்கும் யோசனை வேண்டாம்.

இன்னொரு அவசரமும் உண்டு. லொறி நீண்ட நாள் வராவிட்டால் ஃபெக்டரி கொழுந்தை விட்டுவிட்டு விறகையே எரிக்கத் தொடங்கும். உடம்பு தன் கொழுப்பை அப்படி எரிக்கும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள் இரத்தத்தில் சேரும். பூனை சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும், மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம் வரும். அன்றைக்கே வைத்தியசாலை, நாளைக் காலை என்று வைக்காதீர்கள்.

கடைசியாக, பாவித்த ஊசிகள். நாளைக்கு இரண்டு என்றால் மாதம் அறுபது. அதைக் குப்பையோடு கானில் கொட்டினால், மழைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்த் தேயிலை மலைக்குள் விடும். அங்கே கொழுந்தெடுக்கும் பெண்களில் பலர் வெறுங்காலோடு நிற்பார்கள். அம்மாவின் வலது குதிகாலில் இன்றும் ஒரு பழைய கண்ணாடித் துண்டின் தழும்பு இருக்கிறது. தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் போட்டு, முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி, அம்மா கிளினிக் போகும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். முதல் தரம் கொடுத்தபோது இவ்வளவு ஊசியும் யாருக்கு என்று நேர்ஸ் கேட்டாராம்.

"பாதி எனக்கு, பாதி தொரைக்கு" என்றாராம் அம்மா. நேர்ஸ் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.